அவுரி போட்டும் நரை கறுக்கவில்லை, தலை முழுக்கச் செம்பட்டை: எங்கே தப்பு?

கரிசல்காரி · ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வயது 47, ஊர் கோவில்பட்டி. பத்து வருடமாகப் பொட்டலச் சாயம்தான். போன தீபாவளிக்குப் போட்டபோது காதுக்குப் பின்னால் அரித்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் போட்டபோது நெற்றியோரம் தடித்து இரண்டு நாள் நீர் கசிந்தது. அதோடு பொட்டலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மருதாணி, அவுரி பக்கம் வந்தேன்.

செய்தது இதுதான். மருதாணிப் பொடி 100 கிராம், கெட்டியான தேயிலை டிகாக்‌ஷன், அரை எலுமிச்சம்பழச் சாறு. இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். சனிக்கிழமை காலை, எண்ணெய்ப் பிசுக்கில்லாத தலையில் பூசி மூன்று மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசினேன். நரை எல்லாம் பளீரென்று ஆரஞ்சு. அது எதிர்பார்த்ததுதான். இன்று காலை அவுரிப் பொடி 100 கிராமை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பூசினேன், இரண்டு மணி நேரம். அலசிப் பார்த்தால் நேற்று இருந்த அதே ஆரஞ்சு. ஒரு முடிகூடக் கறுக்கவில்லை.

மாமியார் பார்த்துவிட்டு, "செவலைக் கன்னுக்குட்டி மாதிரில்ல இருக்கு" என்றார். மூன்று வாரத்தில் தங்கை மகள் கல்யாணம். தாம்பாளத்தோடு முன்வரிசையில் நிற்க வேண்டியவள் நான். எங்கே தப்பு நடந்தது?

மருதாணிக்கை · ஞாயிறு, இரவு 9.45

அக்கா, பதற வேண்டாம். மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரிதான். அவுரியில்தான் வழுக்கி விழ நாலைந்து இடம் உண்டு. ஆறு வருடமாகப் போடுகிறேன், எல்லா இடத்திலும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

அவுரியை மருதாணி மாதிரி ஊறவைக்கக் கூடாது. கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏறிவிட வேண்டும். ஒருமுறை கரைத்து வைத்துவிட்டு வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன், முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. அன்று தலையில் பூசியது வெறும் பச்சைச் சேறு. கொதிக்கிற தண்ணீர் ஆகாது. எலுமிச்சை, தயிர் என்று புளிப்பு எதுவும் அவுரியில் சேரக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பு போடலாம். பூசியபின் காயவிடாமல் பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும். அலசியபின் இரண்டு நாளைக்கு ஷாம்பு, சீயக்காய் இரண்டுக்கும் விடுமுறை. காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும்.

இதில் எது விட்டுப்போயிற்று? இன்னொன்றும் சொல்லுங்கள்: கரைத்து வைத்த பொடியின் மேல்பக்கம் என்ன நிறத்துக்கு மாறியது?

சுருக்குவழி · ஞாயிறு, இரவு 10.20

எதற்கு மேடம் இந்தப் பாடு? பொட்டலத்தைப் பிரித்தோமா, குழைத்தோமா, இருபது நிமிடத்தில் குளித்தோமா என்று இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒருநாள் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. பயமாக இருந்தால் அம்மோனியா இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சத்தை நான் மீசைக்கே போடுகிறேன், கல் மாதிரி இருக்கிறேன்.

பட்டுத்தெளிந்தவள் · ஞாயிறு, இரவு 11.05

சுருக்குவழி அண்ணா, அக்கா எழுதிய முதல் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். "ஒருநாள்" என்ற பேச்சே அங்கு கிடையாது.

எனக்கும் இதே வரிசைதான். முதல் தடவை அரிப்பு. அடுத்த தடவை நெற்றியில் தடிப்பு. மூன்றாவது தடவை போட்ட மறுநாள் காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கிப் பூரி மாதிரி மூடிக்கொண்டன. திருச்சியில் தோல் மருத்துவரிடம் ஓடி, ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை. பாரா-ஃபினைலீன் டையமின், சுருக்கமாகப் பிபிடி, அதுதான் காரணம் என்றார். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். உடம்பு ஒருமுறை அதைப் பகை என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரமாக, முன்னைவிடப் பலமாகக் கிளம்பும். பத்து வருடம் ஒன்றும் செய்யவில்லை என்பது பதினொன்றாவது வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

அம்மோனியா விஷயத்தில் நானும் ஏமாந்தவள்தான். முடியின் மேல்செதிலைத் திறந்து சாயத்தை உள்ளே விடும் வேலை மட்டுமே அம்மோனியாவுக்கு. அதை எடுத்துவிட்டு வேறொரு காரப்பொருளை வைத்தால் நெடி குறையும். பிபிடியோ அதன் பங்காளியான டொலுயீன் டையமினோ உள்ளேயே இருக்கும். ஒன்றுக்கு அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு மற்றதும் சேராது. "மூலிகைக் கருப்பு மருதாணி, அரை மணி நேரத்தில் கருப்பு" என்று விற்கும் பொட்டலங்களும் அப்படித்தான். மருதாணி கருப்பாகாது. அரை மணியில் கருப்பானால் உள்ளே வேறு ஆள் இருக்கிறார். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட சாயத்தின் அட்டையில் முதலில் தோலில் சோதித்துப் பார்க்கும்படியும், புருவத்திலும் இமையிலும் போட்டால் பார்வை போகலாம் என்றும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும், உள்ளூர் மொழியிலும்கூட. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்கச் சொல்வார்கள். இந்த ஒவ்வாமை நிதானமாகக் கிளம்புகிற ரகம், ஆகவே இரண்டு நாள் பொறுப்பது நல்லது. ஆனால் அக்கா, உங்களுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். உங்கள் நெற்றி ஏற்கெனவே சோதித்துவிட்டது. பல் மருத்துவரிடம் போனாலும் முடிச்சாய அலர்ஜி இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். மரத்துப்போகத் தடவும் பென்சோகெய்ன் களிம்பும் சிலருக்கு இதோடு சேர்ந்து ஒத்துக்கொள்வதில்லை.

கரிசல்காரி · திங்கள், காலை 6.30

பட்டுத்தெளிந்தவள், படிக்கும்போதே நெற்றி அரிக்கிறது. இனி பொட்டலம் கிடையாது.

மருதாணிக்கை, நீங்கள் சொன்ன எதையும் நான் மீறவில்லை. கரைத்துப் பத்து நிமிடத்தில் பூசிவிட்டேன், புளிப்பு சேர்க்கவில்லை, உறையும் போட்டேன். நிறம் மாறியதா என்று கேட்டீர்கள். மாறவே இல்லை. கரைத்தபோது காய்ந்த வைக்கோல் பச்சை, அலசும்போதும் அதே பச்சை. கையில்கூட ஒட்டவில்லை. மருதாணி நகத்தில் ஏறியது இன்னும் இருக்கிறது, அவுரி வந்துபோன சுவடே இல்லை.

பொடி இங்கே பஜாரில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது. ஒன்று நினைவுக்கு வருகிறது. அவுரிப் பொடி என்றதும் கடைக்காரர், "உள்ளுக்கா, வெளிக்கா?" என்று கேட்டார். தலைக்குத்தானே என்று "வெளிக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

திண்டிவனத்தான் · திங்கள், காலை 8.15

அம்மா, விஷயம் அங்கேயே வெளிவந்துவிட்டது. நீங்கள் தலைக்கு என்று "வெளிக்கு" சொன்னீர்கள். அவர் வெளிக்குப் போக என்று எடுத்துக்கொண்டார். தலையில் நீங்கள் பூசியது பேதி மருந்து.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் திண்டிவனம் பக்கம் அவுரி என்றால் நீலம் எடுக்கிற செடி, சித்த மருத்துவத்தில் நீலி என்பார்கள். இங்கே இன்றும் வயலில் விளைகிறது. உங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் அவுரி என்று சாகுபடி செய்வது வேறு செடி. அது நிலாவாரை, ஆவாரம்பூவுக்கு உறவு, மலமிளக்கி. வெளிநாட்டு மருந்து நூல்களில் திருநெல்வேலி சென்னா என்றே அதற்குப் பெயர். ஒரே பெயரில் இரண்டு செடி, இரண்டும் பச்சைப் பொடி. கடைக்காரர் உங்கள் ஊர் வழக்கப்படி சரியான பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்.

இனி வாங்கினால் தலையில் வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தேக்கரண்டிப் பொடியை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து வையுங்கள். நீலி என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல்பரப்பு கருநீலமாகப் பூக்கும், ஓரத்தில் செம்பு மாதிரி ஒரு மினுக்கமும் தெரியும். வெள்ளைத் துணியில் தடவினால் பச்சையாகப் பட்டுக் காயக் காய நீலமாகும். நிலாவாரை எத்தனை நேரம் ஆனாலும் நிலாவாரையாகவே இருக்கும். நீலியேகூடப் பழைய சரக்காக இருந்தால் பூக்காது, அதையும் இந்தக் கிண்ணம் காட்டிக்கொடுக்கும்.

காரணம் இதுதான்: இலைக்குள் நீலம் நீலமாக இல்லை. இண்டிகன் என்ற நிறமற்ற பொருளாக இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது உடைந்து இண்டாக்சில் ஆகிறது, அது காற்றோடு சேர்ந்துதான் நீலச் சாயமாகிறது. எங்கள் ஊர்த் தொட்டிகளில் இலையை ஊறவைத்து, வடித்த நீரை ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்குவார்கள். மஞ்சள் பச்சையாக இருக்கிற தண்ணீர் கண்ணெதிரே நுரையோடு நீலமாகும். உங்கள் தலையில் நடக்க வேண்டியதும் அதுவேதான். நீலம் முடிக்குள் வைத்து உருவாக வேண்டும். கிண்ணத்திலேயே உருவாகிவிட்டால் முடியில் ஏறாது. மருதாணிக்கை சீக்கிரம் பூசச் சொன்னது அதற்காகத்தான். மருதாணி இல்லாமல் நரையில் நீலி மட்டும் பூசினாலும் ஆபத்து, நரை நீலமும் பச்சையுமாக நிற்கும். ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால்தான் கறுப்பாகத் தெரிகிறது.

மருதாணிக்கை · திங்கள், காலை 8.40

ஐயோ ஐயா, பேருந்தில் உட்கார்ந்து படிக்கிறேன், பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். ஆறு வருடமாகப் போடுகிறேன், இப்படி இரண்டு அவுரி இருப்பது இன்றுதான் தெரியும். நான் சேலம், எங்கள் கடையில் நீலிதான் வருகிறது.

சுருக்குவழி · திங்கள், காலை 9.00

நான் சிரிக்கவில்லை. (சிரித்தேன்.)

அப்பத்தாபேரன் · திங்கள், மதியம் 1.30

எல்லாம் சரி, இரும்புச் சட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. எங்கள் அப்பத்தா இரும்புச் சட்டியில் மருதாணியோடு நெல்லிமுள்ளி, கடுக்காய், தேயிலைத் தண்ணீர் போட்டு ஊறவைத்துத்தான் தடவும். 80 வயதிலும் தலை கறுப்பு. அவுரியே தேவைப்படவில்லை. மருதாணி கருப்பாகாது என்று மேலே அடித்துச் சொல்லியிருக்கிறார்கள், அதை ஏற்க மாட்டேன்.

திண்டிவனத்தான் · திங்கள், மதியம் 2.45

தம்பி, அப்பத்தாவும் சரி, மேலே எழுதிய பெண்ணும் சரி. மருதாணியில் நிறம் தருவது லாசோன். அது முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிடித்துக்கொள்ளும், நரையில் எப்போதும் ஆரஞ்சுதான். சட்டியில் கறுப்பது மருதாணி இல்லை. நெல்லி, கடுக்காய், தேயிலை மூன்றிலும் துவர்ப்பு உண்டு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் எழுதும் மை செய்ததே இந்தக் கணக்கில்தான். அது முடியின் மேல் ஒரு கறுப்புப் பூச்சாகப் படியும், நாலைந்து குளியலில் மங்கும். அப்பத்தா வாரம் தவறாமல் தடவியிருப்பார், அதனால் மங்கியது தெரிந்திருக்காது.

அப்பத்தாபேரன் · திங்கள், மாலை 4.10

வெள்ளிக்கிழமை தோறும். உண்மைதான். ஆனாலும் சட்டியை விடமாட்டேன்.

மதுரைப்பார்லர் · திங்கள், இரவு 10.50

கடையைச் சாத்திவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். இரும்புச் சட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முடியில் இரும்போ வேறு உலோக உப்போ படிந்திருக்கும்போது அதன்மேல் பெராக்சைடு கலந்த க்ரீம் சாயம் போட்டால் சூடு கிளம்பும், முடி வெந்து ரப்பர் மாதிரி இழுபடும், நிறமும் கோணலாகப் போகும். சுத்தமான மருதாணியின் மேல் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கலப்பட மருதாணிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? ஆகவே மருதாணியிலிருந்து க்ரீமுக்குப் போகிறவர்கள் சீப்பில் வந்த முடியை ஒரு கற்றையாகக் கட்டி, அதில் முதலில் கலவையைத் தடவிப் பாருங்கள்.

பிபிடி ஒத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் செய்யும் தப்புகளைத் தினமும் எங்கள் நாற்காலியில் பார்க்கிறேன். முதல் தப்பு, கடையில் போய் "கருப்பு" என்று கேட்பது. நம்மில் பலருடைய இயற்கை முடி மைக்கறுப்பு இல்லை. நிற அட்டையில் 1 என்பது மைக்கறுப்பு, 3, 4 என்று ஏற ஏறப் பழுப்பு. நாற்பது தாண்டிய முகத்துக்கு 3 அல்லது 4 இயல்பாக இருக்கும். 1 போட்டால் தொப்பி வைத்த மாதிரி. போட்ட பிறகு வருத்தப்பட்டு மேலே பழுப்புச் சாயம் வாங்கிப் பூசிப் பயனில்லை, சாயத்தைச் சாயம் வெளுக்காது.

அடுத்தது, ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பூசுவது. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளர்கிறது. வெளுத்துத் தெரிவது அந்த வேர்ப்பட்டை மட்டும், அங்கே மட்டும் பூசுங்கள். நுனியில் பத்துத் தடவை சாயம் ஏறினால் தார் பூசிய துடைப்பம்தான் மிஞ்சும். சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு, நரைக்குப் போதும். "சீக்கிரம் பிடிக்கும்" என்று 40 வால்யூம் வாங்குகிறவர்களை நான் திட்டித்தான் அனுப்புகிறேன், அது 12 சதவீதம், மண்டை வெந்துவிடும். கலந்த மிச்சத்தை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். எங்கள் கடைச் சுவரில் இன்றும் அந்தக் கறை இருக்கிறது, நான் பழகிய காலத்தது.

நரை அடர்த்தியான இடத்தில் தொடங்குங்கள், பெரும்பாலும் நெற்றிப்பொட்டு ஓரம். நெற்றி விளிம்பிலும் காதிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், ஆனால் முடியில் படக் கூடாது, பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

யாழ்தேவி · செவ்வாய், காலை 7.20

மருதாணியை நாங்கள் மருதோன்றி என்போம். எனக்கு முழுக் கறுப்பு வேண்டாம், கடும் பழுப்பு போதும். இரண்டு பொடியையும் ஒன்றாகக் கலந்தே பூசலாமா?

மருதாணிக்கை · செவ்வாய், காலை 7.50

பூசலாம். மருதோன்றியைத் தனியாக ஊறவைத்து, பூசப் போகும்போது அதே அளவு அவுரியை வேறு கிண்ணத்தில் கரைத்து, இரண்டையும் அப்போதுதான் சேர்க்க வேண்டும். கறுப்பு வேண்டுமென்றால் மட்டும் இரண்டு தடவையாகப் பூசும் வழி. முதல் தடவை அரிக்கிறதா என்று கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அரிது என்றாலும் இலைக்கும் அலர்ஜி வருகிறவர்கள் உண்டு.

கேள்விக்குறி · செவ்வாய், மாலை 5.00

சாயம் போட்டால் கேன்சர் வரும் என்று குடும்பக் குழுவில் தினம் ஒரு செய்தி வருகிறது. உண்மையா?

திண்டிவனத்தான் · செவ்வாய், மாலை 6.30

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. முடிதிருத்துவோராக வருடக்கணக்கில் தினமும் இந்த இரசாயனங்களோடு புழங்குவதை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புண்டு" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறார்கள். தன் தலைக்குத் தான் போட்டுக்கொள்வதை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 3ஆம் பிரிவில் வைத்திருக்கிறார்கள். பார்லர் அம்மா, கையுறை போடாமல் கலக்காதீர்கள். பிபிடி ஒன்றும் புதிது இல்லை, 1863இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தது. 1907இல் பாரிசில் யூஜின் ஷ்யூலர் செயற்கைச் சாயம் செய்து முடிதிருத்தும் கடைகளுக்கு விற்கத் தொடங்கினார், லோரியால் நிறுவனம் அதில் பிறந்ததுதான். வீட்டில் பயப்பட வேண்டியது வேறொன்று: அந்தச் சாயம் வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் பாழாகும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

சுருக்குவழி · புதன், இரவு 9.15

ஒரு வாக்குமூலம். ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தை மீசைக்குப் போட்டேன் இல்லையா, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் விட்டுவிட்டேன். மீசைக்கு அடியில் தோலும் கறுத்துப்போய், தெருக்கூத்து ராஜபார்ட் மாதிரி மூன்று நாளாக அலுவலகம் போகிறேன். இன்று மேலுதடும் லேசாக அரிக்கிறது. பட்டுத்தெளிந்தவள், அந்த வரிசையில் இது எத்தனையாவது படி?

பட்டுத்தெளிந்தவள் · புதன், இரவு 9.20

முதல் படி, அண்ணா. இறங்கிவிடுங்கள்.

கரிசல்காரி · மூன்று வாரம் கழித்து, வியாழன் மாலை

கல்யாணம் முடிந்தது, இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

சேலத்திலிருந்து வேறொரு வேலையாக வந்த உறவுக்காரர் மூலம் நீலி வரவழைத்தேன். கடைக்காரரிடம் போட்ட முதல் கேள்வியே "நீலம் எடுக்கிற அவுரிதானே?" என்பதுதானாம். கிண்ணத்தில் குழைத்து வைத்தேன். பன்னிரண்டாவது நிமிடம் ஐயா சொன்ன மாதிரியே மேலே கருநீலம் பூத்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெள்ளை வேட்டிக்குப் போடுற நீலம் மாதிரியே இருக்கு" என்று முகர்ந்து பார்த்தார்.

மறுபடி மருதாணி, அடுத்த நாள் நீலி, இரண்டு மணி நேரம். அலசியதும் நரை எல்லாம் பாசி பிடித்த பச்சை. அன்று இரவு தூங்கவில்லை, ஷாம்பு போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கை துடித்தது. மருதாணிக்கை சொன்ன இரண்டு நாளை எண்ணிக்கொண்டு படுத்தேன். அடுத்த நாள் மதியம் பச்சை இருண்டது. மூன்றாம் நாள் நல்ல கறுப்பு, வெயிலில் மட்டும் லேசாகச் சிவப்பு மினுக்கம். காதோரம் ஒரு விரல் அகலம் சரியாக ஏறவில்லை, அங்கே பூச்சு மெலிதாகிவிட்டது என்று நினைக்கிறேன். மல்லிகைப்பூவை அந்தப் பக்கமாக இறக்கிவைத்துச் சமாளித்தேன். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. குளியலறையின் வெள்ளைத் தரையில்தான் ஒரு நீலத் திட்டு, அது போக மாட்டேன் என்கிறது.

பழைய அவுரி கால் பொட்டலம் அலமாரியில் கிடந்தது. மாமனார் விஷயம் கேள்விப்பட்டு, "வீணாக்காதே" என்று எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு நன்றாக வேலை செய்கிறதாம்.